‘போர்டு போச்சு’ என்று முடிவு கட்டும் முன் பச்சை விளக்கை எண்ணுங்கள்

“அண்ணே, போர்டு போச்சு. மாத்தித் தருவீங்களா?”

சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் மின்னணுச் சாமான் விற்கும் கடைகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே பதில் சொல்லமாட்டார். “என்ன சார்ஜர்ல போட்டே தம்பி?” என்று திருப்பிக் கேட்பார். பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

பேச்சு ராஸ்பெர்ரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகளைப் பற்றியது. ஒரே பலகையில் செயலி, நினைவகம், படத்திற்கும் யூஎஸ்பிக்குமான வாய்கள் எல்லாம் அடங்கிய, உள்ளங்கை அளவுள்ள கணினி இது. வன்தட்டு கிடையாது. லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதிச் செருக வேண்டும். மின்சாரம் கொடுத்தால் கணினி திறந்துகொள்ளும். திறக்கவில்லை என்றால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. திரை கறுப்பு, பலகையில் ஒரு சிவப்பு விளக்கு, வேறெந்தச் சத்தமும் இல்லை. வாங்கித் தந்த அப்பா ஒரு பக்கம் நிற்பார், ‘யூடியூப்’ பார்த்துச் செய்த பிள்ளை மறுபக்கம் நிற்கும்.

பிரிட்டனில் இந்தப் பலகை 2012 பிப்ரவரி 29ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 35 அமெரிக்க டாலர். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்கள் எண்ணிக்கையிலும் தயாரிப்பிலும் குறைந்து வருவதைக் கண்ட ஈபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் பிள்ளைகள் பயப்படாமல் நோண்டிப் பார்க்க ஒரு மலிவுக் கணினி வேண்டும் என்று நினைத்ததன் விளைவு அது. பயப்படாமல் நோண்ட வேண்டும் என்பதே நோக்கம் என்றாலும், முதல் நாளே திறக்காத கணினி பிள்ளைக்குக் கற்றுத்தருவது பயத்தைத்தான்.

கெடாவில் இதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் தொடங்கியதிலிருந்து தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே சோறு போடுகிறது. பெற்றோர் சில்லுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் 2017 முதல் ‘அசாஸ் சாய்ன்ஸ் கொம்பியுட்டர்’ படிக்கிறார்கள். மாநிலத்தில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல இன்னும் தோட்டத்தின் பெயரையே சுமந்து நிற்கின்றன. ரோபோட்டிக் போட்டி, அறிவியல் விழா என்று அங்கும் இந்தப் பலகைகள் நுழைந்துவிட்டன. நன்கொடையாக வந்த பலகை ஒருமுறை திறக்காவிட்டால் அலமாரிக்குப் போய்விடும். அடுத்த வருடம் அதை யாரும் தொடமாட்டார்கள். ‘இதெல்லாம் நமக்கு வராது’ என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து அலமாரியில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அப்படி ஒதுக்கப்படும் பலகைகளில் உண்மையில் செத்தவை குறைவு. பெரும்பாலும் பழுது பலகையில் இருக்காது. அதோடு வந்த ஒயரிலும் கார்டிலும்தான் இருக்கும்.

பெரட்டுக் களத்தில் யார் வரவில்லை?

கணினி திறப்பதை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்கிறார்கள். தன் காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற வழக்கிலிருந்து வந்த சொல் அது. நடக்காத காரியத்தைச் சொல்வதற்கான கேலிச் சொல்தான். கணினியோ அதைத்தான் தினமும் செய்கிறது. நிரலை ஏற்றுவதற்கே ஒரு நிரல் வேண்டும் என்பதால், சின்னது ஒன்று எழுந்து அடுத்ததை எழுப்ப, அது அதைவிடப் பெரிய ஒன்றை எழுப்புகிறது.

நம் பெரியவர்களுக்குத் தோட்டத்துப் பெரட்டு நினைவிருக்கும். விடியற்காலையில் மணி அடிக்கும். மண்டோர் களத்துக்கு வந்து பேர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார். அதன் பிறகுதான் ஆட்கள் வேலைக்காட்டுக்குப் போவார்கள். மணி அடிக்காவிட்டால் யாருமே வரமாட்டார்கள். மணி அடித்தும் மண்டோர் வரவில்லை என்றால் ஆட்கள் களத்திலேயே நிற்பார்கள். ‘வேலை நடக்கவில்லை’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் காரணம் மூன்று நான்கு இருக்கலாம். வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்த்தால்தான் காரணம் தெரியும்.

ராஸ்பெர்ரி பையின் வரிசை இப்படிப் போகும். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது முதன்மைச் செயலி அல்ல, படங்களைக் கவனிக்கும் கிராஃபிக்ஸ் பகுதிதான். வேறு கணினிகளில் இப்படிப் பார்க்க முடியாது. சில்லுக்குள்ளேயே தொழிற்சாலையில் பதித்த ஒரு குட்டி நிரல் அங்கே ஓடும். ‘பை 3’ வரையிலான பலகைகளில் அது நேராக மெமரி கார்டுக்குப் போய் அடுத்த நிரலைத் தேடும். 2019இல் வந்த ‘பை 4’ முதல் அந்த அடுத்த நிரல் பலகையிலேயே ஒரு சிறு நினைவகச் சில்லில் இருக்கிறது.

கார்டு இரண்டு அறைகளாகப் பிரிந்திருக்கும். முதல் அறை சின்னது. விண்டோசும் படிக்கக்கூடிய ‘ஃபேட்’ முறையில் அமைந்தது. தொடக்கக் கோப்புகளும் அமைப்புக் கோப்புகளும் லினக்ஸின் கருநிரலான கெர்னலும் அதில் இருக்கும். இரண்டாவது அறை பெரியது, லினக்ஸுக்கே உரிய முறையில் அமைந்தது. மற்ற எல்லாமே அங்கேதான். தொடக்க நிரல் முதல் அறையிலிருந்து கெர்னலைத் தூக்கி நினைவகத்தில் வைத்ததும் முதன்மைச் செயலி விழிக்கும். கெர்னல் இரண்டாவது அறையைத் திறக்கும். அதன் பிறகுதான் நீங்கள் பார்க்கும் மேசைத்திரை வரும்.

வீட்டுக் கணினியில் இந்த வேலை நடக்கும்போது திரையில் நிறுவனத்தின் சின்னமாவது தெரியும். பழைய பை பலகைகளில் அந்த வசதி இல்லை. அதனால் கறுப்புத் திரையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. பலகை ஓரத்தில் இருக்கும் இரண்டு சிறு விளக்குகளைத்தான் பார்க்க வேண்டும்.

சிவப்பு விளக்கு மின்சாரத்தைக் காட்டும். பச்சை விளக்கு கார்டு படிக்கப்படுவதைக் காட்டும். எல்லாம் சரியாக நடந்தால் பச்சை ஒழுங்கில்லாமல் துடிக்கும். ‘பை 3’ அல்லது அதற்கு முந்திய பலகையில் சிவப்பு மட்டும் எரிந்து பச்சை அசையவே இல்லை என்றால், கார்டில் முதல் கோப்பே கிடைக்கவில்லை என்று பொருள். பச்சை ஒரே தாளத்தில் சிமிட்டி, நிறுத்தி, மறுபடி அதே எண்ணிக்கையில் சிமிட்டினால் பலகை உங்களிடம் பேசுகிறது, எண்ணுங்கள். நான்கு சிமிட்டு என்றால் கார்டு தெரிகிறது, ஆனால் தொடக்கக் கோப்பு இல்லை. ஏழு என்றால் கெர்னல் கோப்பு இல்லை. மூன்று என்பது பொதுவாக ‘திறக்க முடியவில்லை’ என்பதற்கு. இவை மூன்றுமே கார்டை மறுபடி சரியாக எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எட்டு சிமிட்டு வந்தால் மட்டும் கவலைப்படலாம். அது பலகையின் நினைவகமே பழுது என்று சொல்லும் குறி.

திரையில் வானவில் நிறச் சதுரம் வந்து அப்படியே உறைந்து நிற்கிறதா? பலர் இதைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். உண்மையில் இது நல்ல செய்தி. பலகை உயிரோடு இருக்கிறது, திரை ஒயர் சரி, கார்டின் முதல் அறையும் படிக்கப்பட்டுவிட்டது. கெர்னல் மட்டும்தான் எழவில்லை. மண்டோர் வந்துவிட்டார், ஆட்களைத்தான் காணோம்.

‘பை 4’, ‘பை 5’ வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கார்டை வெளியே எடுத்துவிட்டுப் பலகைக்கு மின்சாரம் கொடுங்கள். சில விநாடிகளில் ராஸ்பெர்ரி சின்னத்தோடு, எங்கெங்கே தேடினேன், என்ன கிடைக்கவில்லை என்று எழுத்துகள் வந்தால் பலகையும் திரையும் நலம். தேட வேண்டியது கார்டில்தான். பழைய பலகையில் இந்தச் சோதனை பலிக்காது, கார்டு இல்லாமல் அது ஊமையாகத்தான் நிற்கும்.

சார்ஜரும் ஒயரும்

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் கேள்விப்படும் தொல்லைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

‘பை 3’க்கு நிறுவனம் பரிந்துரைப்பது 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். ‘பை 4’க்கு 3 ஆம்பியர், ‘பை 5’க்கு 5 ஆம்பியர். வீட்டில் கிடக்கும் கைப்பேசி சார்ஜரின் வாயும் இந்தப் பலகையின் வாயும் பொருந்துவதால் எதையாவது எடுத்துச் செருகிவிடுகிறோம். ‘65 வாட்டாச்சே, இது போதாதா?’ என்று கேட்பார்கள். அந்தப் பெரிய எண் கைப்பேசியும் சார்ஜரும் பேசி வைத்துக்கொண்டு வோல்ட்டை ஏற்றும்போது கிடைப்பது. பை அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் 5 வோல்ட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஆகவே சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் வரிகளில் 5 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 2 ஆம்பியர் என்றிருந்தால் பெரிய வாட் எண்ணால் பயனில்லை.

சார்ஜர் நல்லதாகவே இருந்தாலும் ஒயர் கெடுக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். பாசார் மாலாமில் வாங்கிய மெல்லிய ஒயருக்கு 0.3 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். பலகை 2 ஆம்பியர் இழுக்கும்போது ஒயரிலேயே 0.6 வோல்ட் போய்விடும். சார்ஜரில் கிளம்பிய 5.1 வோல்ட் பலகையைச் சேரும்போது 4.5 ஆகிவிடும். ராஸ்பெர்ரி பை ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே ‘மின்னழுத்தம் போதவில்லை’ என்று எச்சரிக்கும். திரையின் மூலையில் வரும் சிறிய மின்னல் குறி அதுதான். பல பலகைகளில் அந்நேரம் சிவப்பு விளக்கும் அணைந்து எரியும். கைப்பேசிக்கு இந்த ஒயர் போதும், மெதுவாக ஏறும், அவ்வளவுதான். கணினி அப்படிக் காத்திருக்காது. செயலி முழு வேகத்தில் எழும் அந்த நொடியில் அழுத்தம் சரிந்தால் பலகை நின்றுவிடும், அல்லது மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கிக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு லினக்ஸ் கெட்டுவிட்டதுபோல் தெரியும்.

மின்சாரத்தை ஆளும் சில்லுகளை இன்ஃபினியன் நிறுவனம் கூலிமில் செய்கிறது. அங்கே ஒரு புதிய ஆலையை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அந்த ஆலைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில், அங்கே வேலை செய்பவரின் வீட்டிலேயே, நாலைந்து வெள்ளி ஒயரால் பிள்ளையின் கணினி படுத்துக்கிடக்கலாம். வேடிக்கைதான்.

‘பை 4’இல் இதற்கு நேர்மாறான ஒரு குறை இருந்தது. 2019 ஜூனில் வெளிவந்த முதல் பலகைகளின் யூஎஸ்பி-சி வாயில், இரண்டு தனித்தனி மின்தடைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றையே வைத்துவிட்டார்கள். அதனால் மடிக்கணினியோடு வரும் விலை உயர்ந்த, உள்ளே சில்லு வைத்த ஒயரைச் செருகினால், எதிரே இருப்பது பாட்டுக் கேட்கும் கருவி என்று சார்ஜர் தப்பாகப் புரிந்துகொண்டு மின்சாரமே கொடுக்காது. சாதாரண ஒயரைப் போட்டால் ஓடும். நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு பின்னர் வந்த பலகைகளில் திருத்தியது. பழைய கையிருப்பிலும் இரண்டாம் கைச் சந்தையிலும் அந்த முதல் பலகைகள் இன்னும் சுற்றுகின்றன. ‘நல்ல ஒயர் போட்டும் உயிரே இல்லை’ என்று சொல்லி யாராவது மலிவாகத் தள்ளிவிட்ட ‘பை 4’ உங்களிடம் இருந்தால் முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

சோதிக்கும்போது பலகையில் கார்டு, திரை, மின்சாரம் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு வெளி வன்தட்டு, கேமரா, ரோபோவின் மோட்டார் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அடாப்டர் வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது பலகைக்காக மட்டுமல்ல, வீட்டுக்காகவும்தான்.

கார்டில் எழுதும்போது நடப்பவை

இறக்கிய லினக்ஸ் இமேஜ் கோப்பைப் பாட்டுக் கோப்புபோல் இழுத்துக் கார்டில் போட்டால் பலகை திறக்காது. அந்தக் கோப்பு ஒரு முழுக் கார்டின் அச்சு. இரண்டு அறைகளையும் சுவரோடு சேர்த்து அப்படியே பதிக்க வேண்டும். 2020இல் வந்த ‘ராஸ்பெர்ரி பை இமேஜர்’ என்ற இலவச மென்பொருள் அதைச் செய்கிறது. எழுதி முடித்ததும் அது ஒருமுறை படித்துச் சரிபார்க்கும். அவசரத்தில் பலர் அந்தக் கட்டத்தை ரத்து செய்துவிடுகிறார்கள். போலிக் கார்டு பிடிபடுவது அங்கேதான். 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்த கார்டுகள் இணையச் சந்தையில் நிறைய உண்டு. கணினி கேட்டாலும் அவை ‘64’ என்றே பொய் சொல்லும். எழுதிய பிறகு திரும்பப் படித்தால்தான் குட்டு வெளிப்படும்.

இமேஜர் வேலையை முடித்த பிறகு விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டக்கூடும்: ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ இந்தக் கேள்வி எத்தனை பிள்ளைகளின் வேலையைக் கெடுத்திருக்கிறதோ தெரியாது. கார்டின் இரண்டாவது அறை லினக்ஸ் முறையில் இருப்பதால் விண்டோசுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தனக்குப் புரியாததைக் காலி என்று நினைத்துக் கேட்கிறது. ‘சரி’ என்று அழுத்தினால் இப்போதுதான் எழுதியது அழியும். ‘கேன்சல்’ அழுத்திவிட்டுக் கார்டை எடுங்கள்.

கார்டைச் செருகும்போதும் கவனம் வேண்டும். ‘பை 3’ முதல் கார்டு வாயில் ‘கிளிக்’ சத்தம் வராது, வெறுமனே உள்ளே நழுவி நிற்கும். சத்தத்தை எதிர்பார்த்து அழுத்தி வாயை உடைத்தவர்கள் உண்டு.

பலகைக்கும் கார்டில் எழுதியதற்கும் வயது பொருந்தாமல் போவதும் நடக்கும். பள்ளியில் ‘பை 3’இல் ஓடிக்கொண்டிருந்த கார்டை அப்படியே எடுத்துப் புதிதாக வாங்கிய ‘பை 4’இல் செருகினால் பெரும்பாலும் திறக்காது. ‘பை 4’ தனக்கென்று வேறு பெயரில் ஒரு தொடக்கக் கோப்பைத் தேடும், 2019க்கு முந்திய கார்டில் அது இருக்காது. அதேபோல ‘பை 3 பி பிளஸ்’ 2018 மார்ச்சில் வந்தது, அதற்கு முந்திய இமேஜ் அதில் ஓடாது. ‘பை 5’க்கு 2023 அக்டோபரில் வந்த ‘புக்வோர்ம்’ பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. முதல் தலைமுறைப் பையிலும் முதல் ‘ஸீரோ’விலும் 64 பிட் லினக்ஸ் ஓடாது, 32 பிட் பதிப்பைத்தான் எழுத வேண்டும். பலகையின் மேலேயே மாடல் பெயர் அச்சாகியிருக்கும், இமேஜரில் அதே பெயரைத் தேர்ந்தெடுத்தால் பொருந்தாத பதிப்பை அது காட்டாது. பழைய கார்டில் பிள்ளைகளின் வேலை இருந்தால் அழிக்காதீர்கள். கார்டைப் பழைய பலகையிலேயே திரும்பப் போட்டு, இணையத்தில் இணைத்து, முழுப் புதுப்பிப்பும் செய்துவிட்டுப் புதிய பலகைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம்.

எழுத்து ஓடி நடுவில் நின்றால்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடி நடுவில் நின்றால் நல்லதுதான். கெர்னல் எழுந்துவிட்டது, இனி அதுவே காரணத்தைச் சொல்லும். ஆனால் அதைச் சொல்வது ஆங்கிலத்தில், அதுவும் குறிப்பு மொழியில். கடைசிப் பத்து வரிகளைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேரைத் துரத்துவது ‘கெர்னல் பேனிக்’ என்ற வரி. ‘பேனிக்’ என்ற சொல்லைப் பார்த்து நாமும் பதற வேண்டியதில்லை. அதோடு அடைப்புக்குறிக்குள் 179, 2 என்ற எண்கள் இருந்தால், 179 என்பது மெமரி கார்டு வகைக்கு லினக்ஸ் வைத்த எண், 2 என்பது இரண்டாவது அறை. ‘கார்டின் இரண்டாவது அறை வரை போனேன், கதவைத் திறக்க முடியவில்லை’ என்று அது சொல்கிறது. 0, 0 என்றிருந்தால் அறை எங்கே என்றே தெரியவில்லை என்று பொருள். மாலை இடி மழையில் கரண்டு போய்க் கணினி பட்டென்று அணைந்தாலோ, ‘ஷட் டவுன்’ செய்யாமல் ஒயரைப் பிடுங்கினாலோ, எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்று இந்த நிலை வரலாம். இன்னொரு பையிலோ, யூஎஸ்பியிலிருந்து லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினியிலோ அந்தக் கார்டை ரீடரில் போட்டு, லினக்ஸின் கோப்பமைப்புச் சோதனையை இரண்டாவது அறையின் மீது ஓட்டினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். பிழைத்ததும் முதல் வேலையாகப் பிள்ளையின் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள். இரண்டு முறை இப்படி ஆன கார்டை மூன்றாவது முறை நம்பக்கூடாது.

கெர்னலுக்கான கட்டளைகள் முதல் அறையில் ஒரே வரியாக எழுதப்பட்ட ஒரு கோப்பில் இருக்கும். வீடியோவைப் பார்த்து அதில் ஏதாவது சேர்க்கும்போது ‘என்டர்’ தட்டி இரண்டாம் வரிக்குப் போய்விட்டால், அந்த இரண்டாம் வரி கணக்கில் வராது, சிக்கல் வரும். எவ்வளவு நீளமானாலும் ஒரே வரிதான்.

இன்னொன்று, ‘எமர்ஜென்சி மோட்’ என்று சொல்லி, ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று கைவிரித்துவிடும் திரை. பெரும்பாலும் காரணம் சின்னது. எப்போதோ ஒரு பென்டிரைவைத் தானாக இணையும்படி பட்டியலில் எழுதி வைத்துவிட்டு, இப்போது அதைக் கழற்றியிருப்பீர்கள். லினக்ஸ் அதற்காகக் காத்திருந்து வெறுத்துப்போய் நின்றுவிட்டது. பென்டிரைவைத் திரும்பச் செருகினால் திறக்கும். பிறகு பட்டியலின் அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால், டிரைவ் இல்லாவிட்டாலும் லினக்ஸ் மேலே நடக்கும்.

திறந்தும் திறக்காததுபோல்

சில நேரம் கணினி திறந்துதான் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. ‘பை 4’இல் இரண்டு சிறிய எச்டிஎம்ஐ வாய்கள் உண்டு. மின்சார வாய்க்குப் பக்கத்தில் இருப்பதில்தான் திரையை மாட்ட வேண்டும். திரையை முதலில் போட்டுவிட்டுப் பிறகு பலகைக்கு மின்சாரம் கொடுப்பது நல்லது. முதல் முறை திறக்கும்போது லினக்ஸ் கார்டின் முழு அளவுக்குத் தன்னை விரித்துக்கொண்டு ஒருமுறை தானே அணைந்து எழும். மெதுவான கார்டில் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் பொறுமையிழந்து ஒயரைப் பிடுங்கினால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

திரை இல்லாமல் வைஃபை வழியாகப் பையை இயக்க நினைப்பவர்களைப் பழைய வீடியோக்கள் ஏமாற்றுகின்றன. ‘பை’ என்ற பெயரும் ‘ராஸ்பெர்ரி’ என்ற கடவுச்சொல்லும் போட்டால் உள்ளே போகலாம் என்று அவை சொல்லும். பாதுகாப்புக்காக 2022 ஏப்ரலில் அந்தப் பொதுக் கணக்கை எடுத்துவிட்டார்கள். வைஃபை விவரத்தை ஒரு கோப்பில் எழுதிக் கார்டில் போடும் பழைய வழியும் ‘புக்வோர்ம்’ வந்தபின் வேலை செய்வதில்லை. இரண்டையும் கார்டை எழுதும்போதே இமேஜரின் அமைப்புப் பக்கத்தில் கொடுத்துவிட வேண்டும். வீடியோவைப் பார்க்கும் முன் அது எந்த ஆண்டு வெளிவந்தது என்று பார்ப்பது பாதி நாளை மிச்சப்படுத்தும்.

விலை குறைவு என்று ஆரஞ்சு பை, பனானா பை வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன சிமிட்டுக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. ஆல்வின்னர் சில்லு வைத்த பலகைகள் கார்டில் கோப்பைத் தேடுவதில்லை. கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி நேரடியாகப் பதித்திருக்கும் நிரலைத்தான் படிக்கின்றன. ராஸ்பெர்ரி பைக்கான இமேஜ் அதில் ஒருபோதும் ஓடாது. அதே குடும்பத்தில் அடுத்த மாடலுக்கான இமேஜே ஓடாமல் போகலாம். ‘ஆர்ம்பியன்’ என்ற லினக்ஸ் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி இமேஜ் தருகிறது. பலகையின் முழுப் பெயரையும் பார்த்து இறக்குங்கள். பீகிள்போன் பிளாக்கில் பலகைக்குள்ளேயே ஒரு சேமிப்புச் சில்லு இருப்பதால், கார்டைச் செருகினாலும் அது உள்ளே இருக்கும் பழையதையே திறந்துகொண்டிருக்கலாம். கார்டு வாய்க்கு அருகே உள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால் கார்டைப் பார்க்கும்.

இவ்வளவுக்கும் மசியாத பலகைக்கு ஒரு யூஎஸ்பி-சீரியல் ஒயர் உதவும். பலகையின் ஊசிகளில் அதை மாட்டி மடிக்கணினியில் 115200 என்ற வேகத்தில் கேட்டால், திரையில் வராத எழுத்தும் அதில் வரும். பையில் முதல் அறையின் அமைப்புக் கோப்பில் அதற்கான ஒரு வரியை முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும். 3.3 வோல்ட் வகை ஒயர்தான் வேண்டும். 5 வோல்ட்டை அந்த ஊசிகளில் கொடுத்தால், அதுவரை உயிரோடு இருந்த பலகை நிஜமாகவே செத்துவிடும். பள்ளிக் கணினி மன்றம் ஒன்றுக்கு இப்படி ஓர் ஒயர் இருந்தால் போதும், எல்லாப் பலகையையும் சோதிக்கலாம்.

எட்டு சிமிட்டு வந்த பலகை, அல்லது நல்ல சார்ஜர், நல்ல ஒயர், வேறொரு பலகையில் ஓடும் அதே மாடல் கார்டு என்று மூன்றையும் மாற்றிப் பார்த்தும் அசையாத பலகை இருந்தால் ரசீதோடு கடைக்குக் கொண்டுபோங்கள். என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள், பச்சை விளக்கு எத்தனை முறை சிமிட்டியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் மாற்றித் தருவது பற்றிய பேச்சு சீக்கிரம் முடியும்.

எல்லாம் சரியாகி மேசைத்திரை வந்துவிட்டது, ஆனால் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாகச் சதுரப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன என்றால் அது பழுதே அல்ல. தமிழ் எழுத்துரு அந்தப் பதிப்போடு வரவில்லை, அவ்வளவுதான். மென்பொருள் பட்டியலில் ‘லோகித் தமிழ்’ என்று தேடி நிறுவினால் பெட்டிகள் எழுத்தாகும். தட்டச்சுக்கு ‘ஐபஸ்’ நிரலையும் அதன் ‘எம்17என்’ துணைத் தொகுப்பையும் சேர்த்தால் பட்டியலில் தமிழ்99 விசைப்பலகையும் வரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட அதே விசைப்பலகை.